கூலி பேசும் தெம்பு

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயரில் இருந்த காந்தி போய் விபி-ஜி ராம் ஜி வந்தது. எதிர்க்கட்சிகள் பெயருக்காகச் சண்டை போட்டன. நூறு நாள் 125 நாள் ஆகிவிட்டது என்று ஆளுங்கட்சி மார்தட்டியது. நம் கண் நிற்க வேண்டிய இடம் வேறு. விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை கிடையாது என்கிறது புதிய சட்டம். வயலுக்கு ஆள் தட்டுப்பாடு வரக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

“நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில உக்காந்துட்டு வந்தாக் காசு. அப்புறம் எவ வயலுக்கு வருவா?” இருபது ஆண்டுகளாக டீக்கடை பெஞ்சில் கேட்டுவந்த பேச்சு இது. இப்போது அது சட்டமாகிவிட்டது.

அந்தப் பேச்சில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. சனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்பது முதலாவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். சட்டத்தில் நூறு நாள் என்று இருந்தாலும், நாடு முழுக்க ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாளை ஒட்டித்தான். அளவெடுப்பில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் முழுக்கூலி வந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 16,800 ரூபாய், மாதத்துக்கு 1,400. ஒரு குடும்பம் இதை வாங்கிக்கொண்டு காலை நீட்டிப் படுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தப் பணத்தில் ஒரு மாதம் அடுப்பெரித்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு உண்மையானது, ஆனால் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. கூலி ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதி என்றிருந்த ஊர்களில், முதல்முறையாக இருவருக்கும் ஒரே கூலி எழுதிய மஸ்டர் ரோல் வந்தது. நடவுக்குக் கூப்பிட வந்தவரிடம் “எவ்வளவு தருவீங்க?” என்று நின்று கேட்கும் தெம்பு அங்கிருந்து வந்தது. கூலியில் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்துக்காகத் தஞ்சைச் சீமையின் கீழ்வெண்மணியில் நிலக்கிழார் தரப்பு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது 1968 டிசம்பர் 25இல். அந்த மண்ணில் கூலி பேசுவது என்றால் என்ன என்று தஞ்சைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாளைக்கு வேறு வேலை உண்டு என்று தெரிந்தவளால்தான் இன்றைய அடிமாட்டுக் கூலிக்கு மாட்டேன் என்று சொல்ல முடியும். சொந்தக் காலில் நிற்பதற்கு இதைவிட வேறு தொடக்கம் எது?

உதவி செய்தால் மக்கள் கெட்டுப்போவார்கள் என்ற கவலை பழையது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தபோது, வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமந்தவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். தாராளமாகக் கொடுத்தால் சர்க்காரையே நம்பியிருந்துவிடுவார்களாம். இது உயிர் வாழப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எழுத்தில் சண்டை போட்டார். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்துச் சனங்கள் வெட்டியது. மாகாணத்தில் லட்சக்கணக்கில் மாண்டவர்களில் ஒருவர்கூட அரசுக் கூலி தின்று சோம்பிச் செத்ததாகப் பதிவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, நூறு நாள் வேலை ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஏரிக்கரைக்குப் போனால் பார்க்கலாம். காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. பணித்தளப் பொறுப்பாளர் சிக்னல் தேடிப் போனைத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடப்பார். செயலியில் போட்டோ ஏறினால்தான் வருகைப்பதிவு. வெட்டிய கருவேலம் அடுத்த மழைக்குத் தழைக்கும், அதே இடத்தில் மறுபடி வேலை. மடையும் கலிங்கும் உடைந்தே கிடக்கும். பதினைந்து நாளில் தர வேண்டிய கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். வேலை செய்தவளைக் கூலிக்காக அலையவிடுவதுதான் தற்சார்பைக் கெடுக்கும் காரியம். வட்டிக்காரரிடமிருந்து அவளை மீட்க வந்த திட்டமே அவளைத் திரும்ப அங்கே அனுப்பிவைத்தது.

இரண்டு ஏக்கர் உழவரின் கஷ்டமும் பொய்யல்ல. நெல் விலை நிற்கும் இடத்தில் நிற்க, கூலி மட்டும் ஏறினால் அவர் என்ன செய்வார்? ஆனால் அவருக்கு வரவேண்டியது நெல்லுக்குக் கட்டுப்படியான விலை. அதைத் தராத அரசு, பக்கத்துத் தெருக்காரியின் கூலியை அமுக்கி அவருக்கு ஆறுதல் சொல்கிறது. அவர் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் ஓடுகிறது. நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் துப்பாக்கிச்சூட்டையும் தாங்கி நடத்திய போராட்டங்களின் விளைவு அது. அதனால் உழவர்கள் உழைப்பை மறந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

பழைய சட்டத்தின் உயிர் ஒரு வரியில் இருந்தது: கேட்டால் பதினைந்து நாளில் வேலை, இல்லையென்றால் வேலையில்லாப் படி. உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. இப்போது மாநிலம் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். டெல்லி ஒதுக்கும் தொகைக்கு மேல் ஆகும் செலவும் மாநிலத்தின் தலையில். கேட்டவருக்கு வேலை என்பது போய், பணம் இருந்தால் வேலை என்று ஆகிறது. உரிமையாக வரும் உதவி ஆளை நிமிர்த்தும். யாரோ மனம் வைத்தால்தான் வரும் என்றாகிவிட்டால் அதே உதவி கைகட்ட வைக்கும். பண்ணையாரிடம் நின்றதுபோல் ஒன்றியச் செயலாளரிடம் நிற்க வேண்டியதுதான்.

125 நாளைக் காட்டி அந்த 60 நாளை மறைக்கவிடக்கூடாது. கூலி பேசுவதற்கு வேறு வேலை கையில் இருக்க வேண்டிய நாள்கள் அவைதான். அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும். அதுவரை, அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு எத்தனை பேர் வேலை கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கூலி பாக்கி எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.