500 என்றால் எவ்வளவு?

ரேஸர்பே மூலமாக ஐநூறு ரூபாய் வசூலிக்க வேண்டுமானால் புரோகிராமில் 500 என்று எழுதக் கூடாது. 50000 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே தொகை பைசாவில். ஸ்ட்ரைப்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் ஜப்பான் யென்னுக்குச் சில்லறையே கிடையாது என்பதால் அங்கே 500 என்றால் 500 யென்னேதான். தலை சுற்றுகிறதா? சுற்றட்டும். இதையெல்லாம் அந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் கையேட்டில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. சண்டை அவர்களோடு இல்லை.

சண்டை, அதற்கு மேலே ஓர் உறையைப் போட்டு "ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தத் தயார்!" என்று கடை விரிக்கும் புண்ணியவான்களோடு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ ஏஜென்ட்டுகளையும் வெளியே இருக்கும் மென்பொருள் கருவிகளையும் இணைக்கும் பொது வழி அது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஏஜென்ட் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கும், கருவியைக் கூப்பிடும்.

அந்த இடத்தில் இவர்கள் எழுதுவது என்ன? "பேமென்ட் லிங்க் உருவாக்கும்." தொகை என்ற கட்டத்துக்கு விளக்கம்: "தொகை". அடேங்கப்பா! முடிந்தது சோலி.

பிறகு ஏஜென்ட் 500 என்று அனுப்பும். வாடிக்கையாளருக்கு ஐந்து ரூபாய்க்கு லிங்க் போகும். உடனே "ஏஐ உளறிவிட்டது, இதையெல்லாம் நம்பவே முடியாது" என்று ஒப்பாரி. அந்த ஒற்றைச் சொல் விளக்கத்தை எழுதிய ஆசாமியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அடுத்த மாடல் வந்தால் தானாகப் புரிந்துகொள்ளும்" என்று ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டு திரிகிறது. எப்படிப் புரிந்துகொள்ளும்? 500 என்ற எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது ரூபாயா பைசாவா என்று தெரியாது. ராமானுஜனே எழுந்து வந்தாலும் தெரியாது. இன்னொரு கூத்தும் இருக்கிறது. 'இது ரேஸர்பே, ஆகவே பைசா' என்று புத்திசாலி மாடல் சரியாகவே ஊகித்து 50000 அனுப்புகிறது என்று வையுங்கள். உறை போட்டவர் ஏற்கெனவே உள்ளே நூறால் பெருக்கி வைத்திருந்தால்? ஐம்பதாயிரம் ரூபாய்க்கு லிங்க் போகும். விவரம் தெரிந்த மாடல்தான் இங்கே பெரிதாக மாட்டிக்கொள்கிறது.

இத்தனை நாள் எப்படி ஓடியது? பக்கத்து சீட் அண்ணனால் ஓடியது. "அண்ணே, இது ரூபாயா பைசாவா?" "பைசா தம்பி, போன வருஷம் ஒருத்தன் இதுலதான் மாட்டினான்." கையேடு அந்த அண்ணன் தலைக்குள் இருந்தது. ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட்டும் இல்லை, அண்ணனும் இல்லை.

தேதி விஷயம் இன்னும் மோசம். 03/04/2025 என்று ஒரு செலவுச் சீட்டு. இங்கே அது ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4. ஒரு மாத வித்தியாசம்தானே என்று விட முடியுமா? நடுவில் மார்ச் 31 இருக்கிறது சாமி. 2025-26 கணக்கில் வர வேண்டிய செலவு 2024-25 கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஆடிட்டர் வந்து நோண்டும் வரை எல்லாம் சுபம். "ஆண்டு-மாதம்-நாள்" என்று மூன்று சொல் எழுதியிருந்தால் போதும்.

அடுத்தது, பதில் வராமல் போனால் என்ன செய்வது என்பது. நெட் நடுவில் அறுந்தது, பணம் போனதா இல்லையா தெரியவில்லை. மறுபடி கூப்பிடலாமா? இதற்காகவே ஸ்ட்ரைப் ஒரு வசதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி அடையாளச் சாவியை அனுப்பலாம். அதே சாவியோடு திரும்ப வந்தால் இரண்டாம் முறை பணம் எடுக்காமல் பழைய பதிலையே தரும். எம்சிபியிலும் 2025 மார்ச்சிலிருந்து இதற்கு இடம் உண்டு: இந்தக் கருவி எதையாவது அழிக்குமா, இரண்டு முறை கூப்பிட்டால் ஆபத்தா என்று குறிக்கலாம். கட்டாயமில்லை. காலியாக விட்டாலும் கருவி ஓடும். கட்டாயமில்லை என்றால் எத்தனை பேர் மெனக்கெடுவார்கள் என்று சொல்லவா வேண்டும்?

பி.காம் முதல் வருடத்தில் ஜர்னல் என்ட்ரி போட்டுவிட்டு, கீழே எதற்காக என்று நரேஷன் எழுதாமல் விட்டால் மார்க் போய்விடும். டெபிட், கிரெடிட் எல்லாம் சரியாக இருந்தாலும் போய்விடும். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பொறியாளருக்கு அந்த விதி கிடையாதாம். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே, கட்டளைகளின் பக்கங்களில் "பக்ஸ்" என்று ஒரு தலைப்பு இருந்தது. இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. இன்றைக்குப் பல கருவிகளின் விளக்கத்தில் "சக்திவாய்ந்த", "தடையற்ற" என்று கல்யாணப் பத்திரிகை பாஷைதான் இருக்கிறது.

சரி, எழுதுங்கள் என்றால் மறுமுனைக்குப் போய், இருபது பக்கக் கையேட்டை அப்படியே கொட்டுகிறார்கள். அதுவும் உதவாது. கருவி விளக்கங்கள் பொதுவாக உரையாடலோடு சேர்ந்தே மாடலுக்குப் போகின்றன. இடமும் காசும் அதற்கும் சேர்த்துத்தான். கேட்பது இந்த அளவுதான்:

"புதிய பேமென்ட் லிங்க் உருவாக்கி வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். தொகை பைசாவில், முழு எண். 500 ரூபாய்க்கு 50000. அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் பெற முடியாது. பதில் வராவிட்டால் மறுபடி உருவாக்காதே. முதலில் லிங்க் பட்டியலைப் பார்."

டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.