செல்ஃப் மோட்டாரின் விலை

புறப்படும் அவசரத்தில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றை ஓசையோடு வண்டி அடங்கிவிடுவதை நீங்களும் அறிந்திருப்பீர்கள். சென்ற வாரம் எனக்கும் அது நேர்ந்தது. பணிமனையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதிது மாற்ற 8,500 ரூபாய்" என்றார்கள். நான் தலையசைக்கவும் இருந்தேன். அவசரத்தில் இருக்கிறவன் விலை கேட்பதில்லை அல்லவா?

அந்த ஓசை மோட்டாரின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. வண்டியைக் கிளப்ப அது 100 ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டத்தை இழுக்கிறது. பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தாலோ, எர்த் கம்பி தளர்ந்திருந்தாலோ அது போதிய அளவில் வந்து சேராது. முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; சாவியைத் திருப்புகையில் 9.6-க்கும் கீழே இறங்குமானால், முதலில் பேட்டரியையே சோதியுங்கள்.

மோட்டாரே பழுதென்றாலும், பல வேளைகளில் தேய்ந்திருப்பவை கார்பன் பிரஷ்களும் புஷ்களும் சொலினாய்டின் செப்பு முனைகளுமே. என் வண்டியில் பிரஷ்கள். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றி மாட்டிய கூலியோடு 1,400 ரூபாயில் முடித்தார். ஆர்மேச்சர் கருகியிருந்தால் புதிதே நலம். திரும்பச் சுற்றிய மோட்டார்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இந்த வேறுபாடு ஒரு மாத வீட்டு வாடகை. ஆகவே சோதிக்காமல் சொல்லப்படும் விலைக்கு இசையாதீர்கள். சோதிப்பவரின் கூலியிலோ பேரம் பேசாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமெனில், கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.