ஷிபுவுக்காக இரங்கியவர்களுக்கு



பாசில் ஜோசப் இயக்கத்தில் 2021 டிசம்பர் 24 அன்று வெளிவந்த ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளத் திரைப்படத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தையற்காரன் ஜெய்சனையும் தேநீர்க்கடைப் பணியாள் ஷிபுவையும் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரேவித வல்லமை கிடைக்கிறது. ஒருவன் காப்பவனாகிறான், மற்றவன் அழிப்பவனாகிறான். ஆயினும் பார்த்தவர்களில் பலர், குரு சோமசுந்தரம் நடித்த ஷிபுவுக்காகவே மனமுருகினர். கொலை செய்தவனுக்கு இரக்கமா என்று கேட்போரும் உண்டு.

ஷிபுவின் பாவத்துக்கு அவனே பொறுப்பு. ஆனால், அவனை இகழ்ந்து ஒதுக்கிய ஊரும் குற்றமற்றதன்று. மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் தியானியுங்கள். கல்லறைகளில் அலைந்தவனுக்கு மனிதர் அளித்தது சங்கிலி. இயேசுவோ அவன் பெயரைக் கேட்டார், விடுவித்தார், அவனுடைய இனத்தாரிடத்திற்கே அனுப்பினார்.

திரையில் தோன்றுபவனுக்காக இரங்குவதற்கு நமக்கு ஒரு செலவுமில்லை. சிறுசேரி சிப்காட் வாயிலில் இரவெல்லாம் நிற்கும் காவலாளி, நமக்குத் தேநீர் தரும் வடமாநிலத்து இளைஞன் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோமா? நாளை அவர்களால் தீங்கு நேரும் என்று அஞ்சியல்ல, தேவசாயலாய்ப் படைக்கப்பட்டவர்கள் என்பதாலேயே அவர்களை நாம் மதிக்க வேண்டும்.

இவ்வாரம் ஒருவருடைய பெயரையாவது கேட்டறிந்து, அவருக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.