இயந்திரக் கை வாங்குமுன் பயிரைப் பார்க்க வேண்டும்

வேளாண் ஆராய்ச்சித் திட்டங்களில் இயந்திரக் கைக்கு, அதாவது ரோபோக் கைக்கு, இப்போது மவுசு கூடியிருக்கிறது. காய் பறிக்க, நாற்று எடுத்து நட, இலைக்கு அருகே காமிராவைக் கொண்டுபோய்ப் படம் பிடிக்க எனப் பல வேலைகளுக்கு அதைக் கேட்கிறார்கள். அதிலும் ஆட்களுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யக்கூடிய 'கோபாட்' வகையைத்தான் பெரும்பாலோர் நாடுகின்றனர். விருப்பம் தவறல்ல. ஆனால் திட்டம் எழுதும்போதே கையின் பெயரையும் மாடலையும் குறித்துவிட்டு, வேலையைப் பிறகு யோசிப்பது தவறு. கலப்பையை வாங்கிய பிறகு நிலம் புன்செய்யா நன்செய்யா என்று விசாரிப்பதைப் போன்றது அது.

கோபாட் என்ற சொல் 1990-களின் நடுவில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டென்மார்க்கின் ஓடன்சே நகரில் 2005-ம் ஆண்டு தொடங்கப்பட்ட யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008-ல் தன் முதல் கையை விற்ற பிறகே இன்றைய வடிவில் இது பரவியது. தொழிற்சாலைகளில் உள்ள பழைய வகைக் கை வேலிக்குள் நின்று அசுர வேகத்தில் சுழலும். கோபாட் அப்படியன்று. எதிலாவது மோதினால் மூட்டுகளில் ஏறும் விசையை உணர்ந்து நின்றுவிடும். மனித உடலின் எந்தப் பாகத்தில் எவ்வளவு விசை படலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. அமைப்பு 2016-ல் அளவுகளும் வெளியிட்டது. இந்தப் பாதுகாப்புக்கு ஈடாக வேகத்தை விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை சாதுவானது என்பதால் அதன் நுனியில் கட்டிய கத்தியும் சாதுவாகிவிடாது. அறுவடைக் கத்தி பொருத்திய கோபாட்டுக்கு அருகே வேலிக்குப் பதிலாக ஆளை நிறுத்துவது அறியாமை. பாதுகாப்பு என்பது கை, கருவி, வேலை மூன்றுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் முட்டைக்கோஸ் போலத் தலைகட்டும் ஐஸ்பெர்க் லெட்யூஸ் கீரையை அறுக்க ஓர் இயந்திரம் செய்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டனர். அதற்கு யூ.ஆர்.10 என்ற கோபாட்டை எடுத்துக்கொண்டனர். அது 10 கிலோ தூக்கும்; 1,300 மில்லி மீட்டர் எட்டும். தேர்வில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. லெட்யூஸின் தண்டைத் தரையை ஒட்டி அறுக்க வேண்டும். வயலில் தரை ஒரே மட்டமாக இருப்பதில்லை. கை கீழே இறங்கித் தரையைத் தொட்டதும் விசையை வைத்து அதை உணர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். கண்ணுக்கு எட்டாததைத் தொட்டு அறியும் இந்தக் குணம்தான் கோபாட்டின் உண்மையான பலம். தொட்டு அறிய வேண்டிய வேலை எதுவும் இல்லாத திட்டத்துக்கு அதை வாங்குவது வீண் செலவே.

அதே சோதனையில் ஒரு தலையை அறுக்க ஏறக்குறைய 32 விநாடி ஆயிற்று. வெட்டும் கருவியின் பாரம் கையை மெதுவாக்கிவிட்டது. பழகிய கூலியாள் இதற்குள் பல தலைகளை அறுத்துவிடுவார். அறுத்தவற்றில் சேதமும் கணிசமாக இருந்தது.

ஆகவே எடைக் கணக்கை முதலில் போட வேண்டும். 5 கிலோ தூக்கும் கை என்றால் 5 கிலோ காயைத் தூக்கும் என்று பொருளல்ல. பிடிக்கும் விரல்கள் ஒன்றரைக் கிலோ, காமிராவும் தாங்கியும் ஒரு கிலோ, கத்தியும் மோட்டாரும் ஒரு கிலோ என்று வைத்தால் மிச்சம் ஒன்றரைக் கிலோதான். பாரம் மணிக்கட்டிலிருந்து தள்ளித் தொங்கினால் அதுவும் குறையும். விற்பவரின் பட்டியலில் முதல் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், பாரம் தள்ளிப்போகப் போக எவ்வளவு குறைகிறது என்று காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்குவது நலம்.

துல்லியத்தைப் பற்றி ஏகப்பட்ட மயக்கம் நிலவுகிறது. யூ.ஆர்.5இ கை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால் 0.03 மில்லி மீட்டர்தான் பிசகும். ஆலையில் திருகு முடுக்க இது உதவும். காற்றில் ஆடும் கிளைக்கு இதனால் என்ன பயன்? அங்கே எட்டும் தூரமும் வளையும் தன்மையுமே முக்கியம். ஆறு மூட்டுக் கையைவிட ஏழு மூட்டுக் கை கிளைகளுக்கு நடுவே நன்றாக நுழையும். நுனி அசையாமல் இருக்க, முழங்கையை மட்டும் ஒதுக்கிக்கொள்ள அதனால் முடியும். குக்கா நிறுவனத்தின் ஈவா, ஃபிராங்கா நிறுவனத்தின் கை ஆகியவை இவ்வகை.

எல்லா வேலைக்கும் கோபாட்தான் வேண்டும் என்பதும் இல்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், சுவீடன், இஸ்ரேல் நாட்டினர் சேர்ந்து நடத்திய 'ஸ்வீப்பர்' திட்டத்தில் குடைமிளகாய் பறிக்க ஃபானுக் நிறுவனத்தின் சாதாரணத் தொழிற்சாலைக் கையையே பயன்படுத்தினர். 2020-ல் வெளியான முடிவு படிக்கத்தக்கது. ஒரு காய்க்குச் சராசரி 24 விநாடி. அதில் சுமார் பாதி, காயைக் கொண்டுபோய்ப் போடுவதிலும் வண்டி நகர்வதிலும் கழிந்தது. மறைக்கும் இலைகளையும் கொத்தாக நின்ற காய்களையும் நீக்கிச் சாதகமாக்கிய செடிகளில் 61 சதவீதம் வெற்றி. செடிகளை உள்ளபடியே விட்டபோது 18 சதவீதம்தான்! கை ஒன்றே, செடியின் நிலைதான் வேறு. திட்டக் குழுவில் பொறியாளரோடு பயிர் வளர்ப்பவரும் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தூசும் ஈரமும் அடுத்து. பல கோபாட்டுகளுக்கு ஐ.பி.54 என்ற காப்புத் தரம் உண்டு. ஓரளவு தூசியையும் தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதே அதன் பொருள். குழாய் வைத்துக் கழுவலாம் என்பதன்று. மருந்து தெளிக்கும் இடமானால் உறை போட்டே தீர வேண்டும்.

ஆராய்ச்சித் திட்டம் மூன்று நான்கு ஆண்டு ஓடும். அதற்குள் விற்ற நிறுவனம் இருக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2012-ல் பாக்ஸ்டர் என்ற ரோபோவை வெளியிட்டு ஆய்வுக்கூடங்களில் பேர்பெற்ற அமெரிக்காவின் ரீதிங்க் ரோபாட்டிக்ஸ், 2018 அக்டோபரில் கதவை மூடியது. ஜெர்மனியின் ஃபிராங்கா எமிகா 2023-ல் திவால் நிலைக்குப் போய், பிறகு வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மென்பொருளும் அப்படியே. ஆய்வாளர்கள் பரவலாகக் கையாண்ட ராஸ் மென்பொருளின் முதல் தலைமுறைக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பழைய தலைமுறைக்கு மட்டுமே இயங்கும் கை மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுவது உசிதம். மூட்டுகளின் விசை அளவை விநாடிக்குப் பல நூறு தடவை வெளியே எடுக்க வழி உண்டா என்பதையும் எழுத்து மூலம் பெற வேண்டும். விற்பனையாளர் பலரும் இதற்கு வாய்மொழியாகவே 'ஆம்' சொல்லிவிடுகிறார்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் ஒரு சின்னச் சோதனை போதும். கருவியின் உத்தேச எடைக்கு இரும்புத் துண்டு ஒன்றைக் கையின் நுனியில் கட்டி, உண்மையான செடி ஒன்றைத் தொட்டியோடு எதிரில் வைத்து, வேண்டிய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்கலாம். உதிரி பாகம், பராமரிப்பு, பயிற்சி மூன்றுக்கும் விலையைத் தனித்தனியே எழுதி வாங்கிக்கொண்டு, விரல்கள் செய்யவும் காமிரா வாங்கவும் பணத்தை ஒதுக்கிய பிறகே கையின் விலைக்கு வர வேண்டும்.