"நான் டாக்டர் இல்லை, ஐயா"

ஒரு வருடமாக எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. "என் காதுக்கு ஒன்றுமில்லை, நீதான் முணுமுணுக்கிறாய்" என்று மனைவியிடம் சண்டை வேறு. கடைசியில் காது மிஷின் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு தம்பி காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தார். "டாக்டர்" என்று கூப்பிட்டேன், அவர் மறுக்கவில்லை. "இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் பேச்சே புரியாது சார். இரண்டு காதுக்கும் சேர்த்து எண்பதாயிரம். இன்றைக்கே புக் செய்தால் தள்ளுபடி" என்றார். பயந்துபோய் ஐயாயிரம் முன்பணம் கட்டினேன். அந்த வாரமே தெருமுனை மருந்துக்கடைக்காரர், "காது மிஷின் வாங்குறீங்களாமே?" என்று கேட்டார். அந்தத் தம்பி அவருக்குச் சிநேகிதராம். டாக்டர் இல்லை, உதவியாளர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் இரண்டு காதிலும் அடைத்திருந்த குறும்பியை எடுத்தார். பிறகு சோதனை அறையில் இருந்த பெண், நான் "டாக்டரம்மா" என்றதும் சொன்னாள்: "நான் டாக்டர் இல்லை, ஐயா. ஆடியாலஜிஸ்டும் இல்லை, உதவியாளர். சோதனையை நான் எடுக்கிறேன். மிஷின் வேணுமா, எது வேணும் என்பதை மேடம்தான் சொல்வாங்க." மேடம் வந்து பார்த்து, ஒரு காதுக்கு மட்டும் சாதாரண மிஷின் போதும் என்றார்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை, கையெழுத்து அதிகாரியுடையது. வந்தவர்கள் என்னையே அதிகாரி என்று நினைத்துக் கும்பிடுவார்கள். அதைத் திருத்தாமல் விட்டால் நாளை அந்த மரியாதையே லஞ்சமாக மாறும். உதவியாளர் வேலையும் அப்படித்தான். நம் நாட்டில் ஆடியாலஜிஸ்ட் ஆக நான்கு வருடப் பட்டப்படிப்பு. உதவியாளருக்கு ஒரு வருட டிப்ளமோ. மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. படிப்பு குறைவு என்பது குற்றமில்லை. குறைவை மறைப்பதுதான் குற்றம்.

"பெரிய படிப்பு படித்தவர் இல்லாத ஊரில் அந்த உதவியாளரும் இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே அவர் சோதனை எடுக்கட்டும், குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கட்டும். ஆனால் தான் யார் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். தனக்குத் தெரியாததை மேலே அனுப்பட்டும். விற்பனையை வைத்துச் சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரகசிய விஷயம் இன்னொன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 'செக்ரே புரொஃபெசியொனேல்' என்ற சொல் எங்களுக்குப் பழக்கம்: தொழில் ரகசியம். பழைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு, டாக்டர், மருந்து விற்பவர், மருத்துவச்சி என்று எண்ணிவிட்டு, தொழில் காரணமாகப் பிறர் ரகசியம் அறிந்த மற்ற எல்லோரையும் அதே வரியில் சேர்த்தது. வாயைத் திறந்தால் சிறை. பெரியவர், சின்னவர் என்ற பேதம் அதில் இல்லை.

என் ஐயாயிரம் திரும்பி வரவில்லை. போகட்டும். என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். சோதனை எடுப்பவரிடம், "தம்பி, நீங்கள் யார், என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெண் நான் கேட்காமலே சொன்னாள்.