தங்கப் புத்தரைப் பார்க்க அப்பத்தா கால் வேக வேண்டுமா?

விடியற்காலை 3 மணி. மோகனூர் கடைவீதியில் ஒரு வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது.

தலையணை ஏறுகிறது. புளிச்சோற்றுத் தூக்கு ஏறுகிறது. முறுக்கு டின் ஏறுகிறது. தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஏறுகிறார்கள். கடைசியாக, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, அப்பத்தா ஏறுகிறார்.

"எங்கீங்க பயணம்?" என்று டீக்கடைக்காரர் கேட்டால் பதில் தயார்.

"மைசூர் அரண்மனை, பைலகுப்பே தங்கக் கோவில்... மூணே நாளுங்க. பதினோரு இடம்!"

பதினோரு இடம்! வினையே அங்கேதான் இருக்கிறது.

மே மாதம் வந்தால் மோகனூரில் மட்டும் அல்ல, நாமக்கல், சேலம், கரூர் பக்கம் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வருடம் முழுவதும் கடைக் கல்லாவிலும் ஆபீஸ் மேஜையிலும் முடங்கிக் கிடக்கிற மனிதன், 3 நாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே போவதை யாரும் குறை சொல்ல முடியாது. போகத்தான் வேண்டும். போன இடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் உச்சிவெயிலில், வெறுங்காலில், ஓட்டமும் நடையுமாக! அதுதான் கூடாது.

கூடவே வரும் காவிரி

பைலகுப்பே எங்கே இருக்கிறது? மைசூரில் இருந்து மேற்கே சுமார் 85 கிலோ மீட்டர். பக்கத்து ஊர் குஷால்நகர். நடுவே ஓடுவது காவிரி. மோகனூர்க்காரர்கள் தினமும் பார்க்கிற அதே காவிரி!

திபெத்தில் இருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அன்றைய மைசூர் மாநில அரசு இங்கே நிலம் கொடுத்தது. 1961-ம் ஆண்டு குடியிருப்பு தொடங்கியது. பனி மலையில் பிறந்தவர்கள் நம் நாட்டு வெயிலில் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள்.

1963-ல் பெனோர் ரின்போச்சே என்ற புத்த குரு இங்கே ஒரு மடத்தைத் தொடங்கினார். முதலில் இருந்தது மூங்கிலால் ஆன சின்னக் கோவில்தான். இன்று தங்கக் கோவில் என்று ஊரே சொல்கிற பெரிய கோவில் 1999-ல் திறக்கப்பட்டது.

உள்ளே போனால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நடுவில் புத்தர். ஒரு பக்கம் பத்மசம்பவர். இன்னொரு பக்கம் அமிதாயுஸ். மூன்றும் தங்க முலாம் பூசிய பிரமாண்ட சிலைகள். சுவர் முழுக்க வண்ணச் சித்திரம். தூணைச் சுற்றி டிராகன். அடேயப்பா!

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் அது. நம்மவர்கள் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள்? போட்டோ எடுக்கிற நேரம்தான்!

தீயில் எரிந்த அரண்மனை

மைசூர் அரண்மனை கதையும் சாதாரணம் அல்ல. பழைய மர அரண்மனை 1897-ல், ராஜகுமாரி கல்யாணத்தின் போது தீயில் எரிந்தது. புதிய அரண்மனைக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சென்னை ஐகோர்ட்டு கட்டிடத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. 1912-ல் வேலை முடிந்தது. செலவு 40 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து 40 லட்சம்!

கல்யாண மண்டபத்துக் கூரையில் மயில் உருவம் போட்ட வண்ணக் கண்ணாடி. அது ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் செய்து கப்பலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் இரவில் சுமார் ஒரு லட்சம் பல்பு எரியும். அந்த நேரத்தில் வெயில் இல்லை, சூடு இல்லை, குளுகுளு காற்று.

ஆனால் நம்ம வேன் அங்கே போய்ச் சேருவது எத்தனை மணிக்கு?

பகல் 12 மணிக்கு!

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவு. வன விலங்குகளைக் காப்பாற்ற ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022-ல் இருந்து இரவு வாகனத் தடை அமலுக்கு வந்தது. கார், வேன் எல்லாம் பண்ணாரி சோதனைச் சாவடியில் காலை 6 மணிக்குக் காத்து நிற்க வேண்டும். மலை ஏறி, இட்லி சாப்பிட்டு, சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு தாண்டி மைசூர் போய்ச் சேரும்போது 10 மணியைத் தாண்டிவிடும். டிக்கெட் வரிசை. செருப்பு வைக்கிற வரிசை. பார்த்துவிட்டு வெளியே வந்தால் உச்சிப் பொழுது!

பிறகு மிருகக்காட்சி சாலை. பிறகு சாமுண்டி மலை. பிறகு பிருந்தாவனம். மறுநாள் பைலகுப்பே. அங்கேயும் போய் இறங்குவது நடுப்பகல்!

"மைசூர் குளுகுளு ஊராச்சே!" என்பார்கள். உண்மைதான். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிற ஊர். 2024 ஏப்ரல், மே மாதங்களில் கரூர் பரமத்தியும் சேலமும் 40 டிகிரியைத் தாண்டித் தாண்டிக் கொதித்தன. அதோடு பார்த்தால் மைசூர் காற்று தேவலைதான்.

காற்றுதான் தேவலை. தரை? நிழல் இல்லாத கல் தரையும் சிமெண்டுத் தரையும் எந்த ஊரிலும் அடுப்புக் கல்தான். செருப்பை விட்ட இடத்துக்கும் வாசல் படிக்கும் நடுவே 100 அடி தூரம் இருந்தால் போதும். பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடிவிடும். அப்பத்தா ஓட முடியுமா?

சூடு தெரியாத கால்

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேன் ஏறுகிற எத்தனையோ பேருக்கு அது தெரியாது.

பல வருடம் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் கால் மரத்துப் போவது உண்டு. தரை சுடும். காலுக்குத் தெரியாது. "எனக்கு ஒண்ணும் சுடலியே கண்ணு" என்று அப்பத்தா மெதுவாக நடப்பார். ராத்திரி லாட்ஜில் காலைக் கழுவும்போதுதான் பாதம் முழுக்கக் கொப்புளம் தெரியும்.

சர்க்கரை வியாதிக்காரருக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறுவது இல்லை. ஆறாத புண்ணால் விரலையும் காலையும் எடுக்க வேண்டி வருவதும் உண்டு. 3 நாள் உல்லாசம் 3 மாத ஆஸ்பத்திரியாக முடியலாம்!

கொப்புளம் வந்தால் மை, பற்பசை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

வெயில் தாக்கி ஒருவர் உளறினாலோ, மயங்கினாலோ அது சாதாரணக் களைப்பு அல்ல, உயிர் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பை நனைத்து விசிறி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"வாடகையை யார் கொடுப்பது?"

"எல்லாம் சரிங்க. வண்டிக்கு நாள் வாடகை. ஆபீசில் கிடைத்தது 3 நாள் லீவு. பிள்ளைகளுக்கு லீவு விடுறதே மே மாசந்தான். மத்தியானம் ரூமில் படுத்துத் தூங்கினால் வாடகையை யார் கொடுப்பது?" குடும்பத் தலைவர் இப்படிக் கேட்பார்.

நியாயமான கேள்வி. லீவை மாற்றுவது குமாஸ்தா கையில் இல்லை. மாதத்தை மாற்றுவது யார் கையிலும் இல்லை.

ஆனால் மணியை மாற்றலாமே! எண்ணிக்கையைக் குறைக்கலாமே!

பதினோரு இடத்தை ஐந்து இடம் ஆக்குங்கள். முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் சாப்பிட்டுப் படுங்கள். வெயில் தாழ்ந்ததும் பிருந்தாவனம் போங்கள். மறுநாள் அரண்மனை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். 11 முதல் 4 வரை நிழலை விட்டு அசையாதீர்கள். அன்று இரவே குஷால்நகர் போய்த் தங்கினால், மூன்றாம் நாள் காலையில் தங்கக் கோவிலை ஆற அமரப் பார்க்கலாம்.

வண்டி டிரைவரும் மனிதர்தான். விடியற்காலை 3 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் மத்தியானம் 2 மணி நேரம் கண் அயர்ந்தால், திரும்பும்போது வேனில் இருக்கிற அத்தனை உயிருக்கும் அது பாதுகாப்பு. அந்த வாடகை வீண் இல்லை!

பதினோரு இடம் பார்த்து வந்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "என்ன கண்ணு பார்த்தே?" "ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்" என்று சொல்லும். பிள்ளை மேல் தப்பு இல்லை. அதன் கண்ணில் எதுவும் பதிய நாம் நேரம் கொடுக்கவில்லை.

புத்தருக்கே கோடை உடை

தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் பெரிய அரண்மனை இருக்கிறது. 1782-ல் கட்டத் தொடங்கியது. அதன் வளாகத்தில் மரகதப் புத்தர் கோவில். பச்சைக் கல்லில் செதுக்கிய சின்னச் சிலை. அந்தப் புத்தருக்கு வருடத்துக்கு மூன்று உடை. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. மாற்றி விடுவது ராஜாவின் கடமை!

சிலைக்கே கோடைக்கு ஏற்ற உடை என்று நினைத்த ஊர் அது. நம்மவர்கள்? மே மாதம் பட்டுப் புடவை, ஜரிகை ஜாக்கெட், நைலான் சட்டை. போட்டோவில் நன்றாக விழ வேண்டுமாம்!

பழைய ராஜாக்களும் வெயிலை அலட்சியம் செய்தது இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தரியா தவுலத் மாளிகை இருக்கிறது. 1784-ல் கட்டியது. தோட்டத்தின் நடுவே, சுற்றிலும் தாழ்வாரம் வைத்து எழுப்பிய கோடை மாளிகை. படை பலம் கொண்ட திப்புவே வெயிலுக்கு நிழல் தேடினார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற அப்பத்தா தேடக் கூடாதா?

நிர்வாகமும் கொஞ்சம் யோசிக்கட்டும்

பழியை எல்லாம் ஜனங்கள் தலையிலேயே கட்டுவதும் நியாயம் ஆகாது. எந்த ஊர் அரண்மனையானாலும், எந்த மதத்துக் கோவிலானாலும், செருப்பைக் கழற்றச் சொல்கிறவர்களுக்குத் தரையைக் குளிர வைக்கிற பொறுப்பும் உண்டு.

தமிழ்நாட்டில் பல கோவில்களில் பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள். வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். பெரிய செலவு இல்லை. மனசுதான் வேண்டும். செருப்பு வைக்கிற இடத்தில் இருந்து வாசல் வரை ஒரு விரிப்பு, ஒரு பந்தல், ஒரு குடிநீர்க் குழாய், வயதானவர்கள் உட்கார நாலு பெஞ்சு. டிக்கெட் காசு வாங்குகிற இடத்தில் இதுகூட இல்லை என்றால் எப்படி?

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்

இன்னொரு சங்கதி. புத்தரைப் பார்க்க மலை தாண்டித்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது?

சேலம் மாவட்டம், ஆத்தூரைத் தாண்டி, தலைவாசல் பக்கம் தியாகனூர் என்று ஓர் ஊர். அங்கே கல்லில் செதுக்கிய பழைய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. தியானக் கோலம். தங்க முலாம் கிடையாது. டிக்கெட் வரிசை கிடையாது.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஜனங்கள் கும்பிட்டு வந்த சிலையும் புத்தர் சிலைதான் என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொன்னது. 2022 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டும் அதை ஏற்றுத் தீர்ப்பு சொன்னது.

மைசூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. லீவு ஒரே நாள்தான், அப்பத்தாவுக்கும் முடியவில்லை என்றால், விடியலில் கிளம்பித் தியாகனூர் பார்த்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பலாம். பிள்ளைகளுக்கு நம் மண்ணின் கதையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, காசும் மிச்சம். தங்கக் கோவில் எங்கேயும் ஓடிப் போகாது. தை மாதமும் அங்கேதான் இருக்கும்!

மூன்றாம் நாள் நள்ளிரவில் வேன் மோகனூருக்குத் திரும்பி வரும். பிள்ளைகள் இறங்கும். காலி டின் இறங்கும். கடைசியில் அப்பத்தா இறங்குவார்.

போகும்போது நடந்து வந்து ஏறியவர் திரும்பும்போது நடந்தே இறங்க வேண்டும். அது நடந்தால்தான் நல்ல சுற்றுலா.

அரச மரத்து நிழலில் உட்கார்ந்த பிறகுதான் புத்தருக்கே ஞானம் வந்தது. உச்சிவெயிலில் ஓடுகிறவர்களுக்கு எங்கே வரப்போகிறது?