இராக் காவலும் கொசுக்கடியும்

மலேரியா ஜுரத்தைத் தடுக்கக் கொசுவலை ஒன்றே போதும் என்பது நாஞ்சில் நாட்டு விவசாயிகள் பலருடைய எண்ணம். வலை நல்லதே. ஆயினும் அஃது அதனுள் படுத்திருப்பவரை மாத்திரமே காக்கும். இரவில் எவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கவனியாமல் வலையைப் பற்றி மட்டும் பேசுதல் பாதி வேலையேயாம்.

இக்கிருமியை அனாபிலிஸ் என்னும் கொசுவினம் சுமப்பதை ரொனால்டு ராஸ் 1897-ம் ஆண்டு செகந்திராபாத்தில் கண்டறிந்தார். இவ்வினத்துப் பெண் கொசுவே இரத்தம் குடிப்பது. அந்தி முதல் விடியும் வரையே அது பெரும்பாலும் கடிக்கும். வாய்க்கால், கிணறு, வயல் ஆகியவற்றின் தேங்கிய நீரில் பெருகும். மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, புதுக் கால்வாய் நீர் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் இந்த ஜுரம் மிகுந்தது. 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீரால் பிழைக்கும் நம் நாட்டாரும் இதனை மனத்திற் கொள்ளல் தகும்.

தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-ல் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. ஜுரம் வெகுவாய்த் தணிந்தது. ஆனால் 1976-ல் இந்தியாவில் 64 லட்சம் பேருக்கு மேல் மீண்டும் கண்டது. இன்று மிகவும் குறைந்திருப்பினும், பிற மாநிலங்களில் வேலை செய்து திரும்புவோர் உடலில் கிருமி வரக்கூடும். சுவரில் தெளித்த மருந்தும் கட்டிலின் மேற் கட்டிய வலையும் வீட்டில் உறங்குவோருக்கே உதவும்.

வெளியே இருப்போர் யாவர்? கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளில் களத்து நெல்லைக் காப்பவர்; இரவு முறையில் மடை திறப்பவர்; தோவாளைச் சந்தைக்காக விடியுமுன் பிச்சிப்பூப் பறிப்பவர்; அம்மன் கொடையில் இரவெல்லாம் வில்லுப்பாட்டுக் கேட்பவர். இவர்களிற் பெரும்பாலோர் பிறருடைய நிலத்தில் பிறருடைய விளைவுக்காக விழித்திருப்பவர். நெல்லுக்குத் தார்ப்பாய் வாங்கித் தரும் நிலக்காரர், அதைக் காப்பவனுக்கு ஒரு வலை வாங்கித் தராதிருப்பது நியாயமன்று.

“வலைக்குள் புகுந்தவன் உறங்கிவிடுவான்” என்பர் சிலர். இருவரை முறை வைத்துக் காவலிட்டால் இக்குறை தீரும். ஒருவர் நான்கு கழி நட்டுக் கட்டிய மருந்தூட்டிய வலையில் உறங்க, மற்றவர் முழுக்கைச் சட்டையுடன் கால்களையும் மூடி, கொசு விரட்டும் களிம்பு பூசி விழித்திருக்கலாம். இரண்டாம் ஆளின் கூலி வீண்செலவன்று. குளிர்காய்ச்சலில் விழுந்த காவலாள் பல இரவுகளுக்குக் காவலுக்கு உதவான். அவன் குடும்பமும் அந்நாட்களின் கூலியை இழக்கும்.

பூப்பறிப்போரும் அவ்வாறே கைகால்களை மூடுதல் வேண்டும். கொடைக்குச் செல்வோர், கோயில் வெளியில் உறங்கிவிடும் குழந்தைகளுக்குச் சிறு வலை கொண்டுசெல்வது நலம். திண்ணையில் படுப்போர் உறக்கம் வந்தபின் அன்று, அந்தியிலேயே உடலை மூடிக்கொள்ளல் வேண்டும். வேப்பிலைப் புகை சிறிது நேரமே பயன்படும். அதனை நம்பி வலையை விடலாகாது.

குளிரும் நடுக்கமுமாய் ஜுரம் கண்டவரை, முக்கியமாய் வெளியூர் சென்று திரும்பியவரை, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி இரத்தம் பரிசோதிக்கச் செய்வது கிராம அதிகாரிகளின் கடமை. களத்துக்குக் காவல் ஏற்பாடாகும்போதே வலையும் ஏற்பாடாயிற்றா என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்பார்களாயின், நிலக்காரர் மறுக்கமாட்டார். நெல்லைக் காப்பவனைக் காப்பதும் விவசாயத்தைச் சேர்ந்ததே.